போஸ்பாரா சந்தில் ஒரு தாய்

ஐப்பசி அமாவாசை. நம் வீடுகளில் கங்கா ஸ்நானமும் பட்சணமும் முடிந்து, வெடிச் சத்தம் ஓய்ந்துவரும் நேரத்தில், வங்காளத்தில் அப்போதுதான் விசேஷம் ஆரம்பிக்கும். அன்று இரவுதான் அங்கே காளி பூஜை. செம்பருத்தி மாலை, தீப வரிசை, நடுநிசி ஆராதனை என்று கொல்கத்தாவின் சந்துபொந்தெல்லாம் அம்பாள் நாமம்தான்.

1898-ம் வருடம் நவம்பர் 13-ம் தேதி அப்படியொரு காளி பூஜை நாள். வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் போஸ்பாரா சந்து என்று ஒரு குறுகலான தெரு. பக்கத்திலேயே கங்கை. அங்கே 16-ம் எண் வீட்டில் அன்றைக்கு ஒரு பூஜை நடந்தது. பூஜை செய்தவர் அன்னை சாரதா தேவி. ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார். சுவாமி விவேகானந்தரும் பரமஹம்சரின் வேறு சில சீடர்களும் உடன் இருந்தார்கள். கிரகப்பிரவேசம் இல்லை, விக்கிரகப் பிரதிஷ்டையும் இல்லை. சின்னப் பெண்குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். இங்கே படிக்க வரும் குழந்தைகளுக்கு அம்பாளின் அருள் கிடைக்கவேண்டும் என்று அன்னை ஆசீர்வதித்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் டீச்சர் யார் தெரியுமா? அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் எலிசபெத் நோபிள். அவருக்கு முப்பத்தோரு வயது நிறைந்து அன்றைக்குப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. நமக்கெல்லாம் அவர் சகோதரி நிவேதிதை. மகாகவி பாரதியார் குருவாக வரித்துக்கொண்டவர் என்று படித்திருப்பீர்கள். தேச விடுதலைக்காக அவர் செய்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வேறு கதை. தான் தொட்ட தண்ணீரை வாங்கிக் குடிக்கவே யோசித்த ஒரு தெருவில், கல்யாணமே செய்துகொள்ளாத அந்தப் பெண்மணி எப்படித் தாயாக ஆனார் என்ற கதை.

அவர் பிறப்பே ஒரு வேண்டுதலில்தான் ஆரம்பிக்கிறது. 1867 அக்டோபர் 28 அன்று, அயர்லாந்தின் வடபகுதியில் இருக்கும் டங்கனன் என்ற ஊரில் பிறந்தார். தாயார் மேரி இசபெலுக்கு அது தலைப்பிரசவம், ஒரே பயம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் ஆண்டவன் பணிக்கே அதை விட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாராம். நம்மூர் அம்மாக்கள் பிள்ளையை முருகனுக்கு நேர்ந்துகொள்வது இல்லையா, அப்படித்தான்! முப்பது வருடம் கழித்து, கங்கைக்கரையில் ஒரு சந்நியாசி அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் நிவேதிதை. அர்ப்பணிக்கப்பட்டவள் என்று பொருள். ஸ்வாமிக்குப் படைப்பதை நாம் நைவேத்தியம் என்கிறோமே, அதே வேரில் வந்த சொல்தான்.

தகப்பனார் சாமுவேல் நோபிள் மத போதகர். ஏழைகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகளையும் கூட்டிக்கொண்டு போவார். மார்கரெட்டுக்குப் பத்து வயதாகும்போது அவர் இறந்துபோனார். இந்தப் பெண்ணுக்கு என்றைக்காவது ஓர் அழைப்பு வரும், அப்போது தடுக்காதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். பிறகு தாத்தா வீடு, விடுதிப் படிப்பு. பதினேழு வயதிலேயே டீச்சர் வேலை. ரெக்ஸம் என்ற சுரங்க ஊரில் வேலை பார்த்தபோது, பள்ளி விட்டதும் தொழிலாளர் குடும்பங்களைத் தேடிப் போய் உதவி செய்வது அவர் வழக்கம். பின்னால் லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் சொந்தமாகப் பள்ளியும் வைத்தார். குழந்தையை அடித்து மனப்பாடம் செய்ய வைக்கக்கூடாது. விளையாட்டிலும் களிமண்ணிலும் வண்ணத்திலும் அது தானே கற்றுக்கொள்ளும் என்ற புதிய முறை அப்போது ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. மார்கரெட் அதில் கைதேர்ந்தவர்.

1895 நவம்பரில் லண்டனில் ஒரு வீட்டு வரவேற்பறையில் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். கேட்டதும் காலில் விழுந்துவிடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார், மறுத்தார், வாதாடினார். தன் நாட்டுப் பெண்களுக்குக் கல்வி தர ஆள் வேண்டும் என்ற சுவாமிஜியின் கவலை மட்டும் மனசில் தைத்துவிட்டது. இந்தியாவில் வறுமை, வெயில், தீட்டுத் துடக்கு எல்லாம் எப்படி இருக்கும் என்று சுவாமிஜி ஒளிக்காமல் எழுதி எச்சரித்தார். அப்படியும் கிளம்பிவிட்டார். 1898 ஜனவரி 28-ம் தேதி கப்பல் கொல்கத்தா துறைமுகத்துக்கு வந்தபோது, வரவேற்க சுவாமிஜியே போய் நின்றார்.

வந்துவிட்டார், சரி. ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

அந்தக் காலத்து ஆசாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டிப் போய் வந்த நம்மவர்களுக்கே பிராயச்சித்தம் செய்யச் சொன்ன காலம். வெளிநாட்டுப் பெண் வீட்டுக்குள் வந்தால் வாசல் கழுவிவிடுவார்கள். அன்னை சாரதா தேவியோ ஜெயராம்பாடி என்ற குக்கிராமத்து பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர், அந்நிய ஆண்கள் எதிரே முகத்திரையை விலக்காதவர். அப்படிப்பட்டவரைப் பார்க்க 1898 மார்ச் 17 அன்று மார்கரெட்டும் வேறு இரண்டு மேல்நாட்டுப் பெண்மணிகளும் போனார்கள். என்ன நடக்குமோ என்று சுவாமிஜிக்கே உள்ளூர ஒரு தவிப்பு. அன்னையோ மூவரையும் மகள்களே என்று அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களோடு சேர்ந்து சாப்பிடவும் செய்தார்!

இதை நாம் சாதாரணமாகக் கடந்துபோய்விடக் கூடாது. மேடை ஏறிச் சீர்திருத்தம் பேசியவர்கள் பலர் தங்கள் வீட்டுச் சமையலறையில் செய்யத் துணியாததை, எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த ஒரு கிராமத்து அம்மா சத்தமில்லாமல் செய்தார். மார்கரெட் தன் நாட்குறிப்பில் அந்த நாளை நாட்களிலெல்லாம் சிறந்த நாளாகக் குறித்து வைத்தார். அன்னைக்கு அவர் கடைசி வரை 'குக்கி'தான். வங்காளத்தில் செல்லக் குழந்தையைக் கூப்பிடும் பெயர் அது.

எட்டு நாளில், மார்ச் 25 அன்று, பிரம்மச்சரிய தீட்சை. முதலில் சிவபூஜை செய்ய வைத்த சுவாமிஜி, கடைசியில் புத்தர் பாதத்தில் பூ இடச் சொன்னார். அன்றுதான் மார்கரெட் நிவேதிதை ஆனார்.

அந்த வருடக் கோடையில் இமயமலைப் பயணம். அமர்நாத் யாத்திரையும் அதில் ஒரு பகுதி. போகிற வழியில் ஒரு சங்கடம். ஏராளமான சாதுக்கள் கூடாரம் அடித்திருக்க, நடுவில் ஓர் அந்நியப் பெண்ணின் கூடாரம் எதற்கு என்று எதிர்ப்புக் கிளம்பியது. சுவாமிஜிக்குக் கோபம் வந்தது. ஆனால் நாகா சாது ஒருவர், உங்களுக்குச் சக்தி இருக்கலாம், அதைக் காட்ட வேண்டாமே என்று பணிவாகச் சொன்னதும் பேசாமல் கூடாரத்தை மாற்றிவிட்டார். பிறகு நிவேதிதையை முகாம் முழுக்க அழைத்துப்போய், அவர் கையாலேயே சாதுக்களுக்குத் தானம் கொடுக்க வைத்தார். அவர்களின் ஆசியையும் வாங்கித் தந்தார். அடுத்து தங்கிய இடத்தில் அந்தக் கூடாரத்துக்கு முகாமின் முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது! சண்டை போடாமல், கொடுத்தும் பணிந்தும் இடம்பிடித்த இந்தப் பாடம் பின்னால் போஸ்பாரா சந்தில் அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது.

ஆகஸ்ட் 2-ம் தேதி குகையில் பனிலிங்க தரிசனம். சுவாமிஜி உடம்பெல்லாம் திருநீறு பூசி, கோவணத்தோடு உள்ளே போய், பரவசத்தில் மெய்மறந்தார். நிவேதிதைக்கு? ஒன்றுமே இல்லை. எந்த அனுபவமும் வரவில்லை. குருவிடம் குறைப்பட்டுக்கொண்டார். இப்போது புரியாது, ஆனால் யாத்திரை செய்தாகிவிட்டது; அதன் பலன் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும் என்று சுவாமிஜி சமாதானம் சொன்னார். நாமும் மணிக்கணக்கில் வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டு, மனசு வெறுமையாக வெளியே வந்தது உண்டுதானே? வெளியே சொல்லத்தான் கூச்சம். நிவேதிதை மறைக்காமல் எழுதியே வைத்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த குணம் இது.

கொல்கத்தா திரும்பியதும் முதலில் அன்னையின் வீட்டில்தான் இருந்தார். மற்றப் பெண்களோடு தரையில் பாய் போட்டுப் படுக்கை. எட்டுப் பத்து நாளில் ஒன்று புரிந்தது. தன்னால் அந்த வீட்டுப் பெண்களுக்கு உறவிலும் ஊரிலும் பேச்சு வரும். அன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் பாரம் அவர் தலையில். தானாகவே எதிரில் இருந்த 16-ம் எண் வீட்டுக்குக் குடிபோனார். வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு கிழவி ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: எஜமானி சமையலறைக்குள் வரக்கூடாது, அடுப்பையும் தண்ணீரையும் தொடக்கூடாது! தன் வீட்டிலேயே தனக்குத் தீட்டு. நிவேதிதை சரி என்றார்.

பள்ளிக்குப் பிள்ளை பிடிக்க அக்கம்பக்கத்துப் பெரியவர்களைப் பலராம் போஸ் வீட்டுக்கு அழைத்தார்கள். பெண்ணை வெள்ளைக்காரியிடம் அனுப்ப யாருக்கும் வாய் எழவில்லை. பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த சுவாமிஜி, தெரிந்தவர்களை இடித்து இடித்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. உடனே ஒருவரைக் காட்டி, இதோ இவர் தம் பெண்ணை அனுப்புகிறார் என்று அவர் சார்பில் தானே சபையில் அறிவித்துவிட்டார்! நிவேதிதைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னக் குழந்தை மாதிரி கைதட்டினாராம்.

வந்த குழந்தைகளை அவர் எப்படி வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். பாவாடை சட்டையை மாற்று, பழக்கத்தை மாற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வங்காளத்துப் பெண்கள் விரத நாட்களில் அரிசிமாவைக் கரைத்துத் தரையில் ஆல்பனா போடுவார்கள், நம்மூர் மாக்கோலம்தான். அதையே ஓவிய வகுப்பாக்கினார். களிமண் பொம்மை, தையல், எழுத்து, கணக்கு எல்லாம் உண்டு. குழந்தைகள் செய்ததை எடுத்து வைத்து, வருகிற பெரிய மனிதர்களிடம் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவார். கற்றுக்கொடுக்க வந்தவள் முதலில் இந்த வீடுகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட முறை.

ஆனால் பள்ளி தள்ளாடியது. கொஞ்சம் எழுத்து வருவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடும். கையில் காசும் கிடையாது. இந்த நேரத்தில்தான் 1899-ன் கோடை வந்தது, பிளேக் நோயோடு.

முந்தின வருடமே தலைகாட்டிய நோய்தான். ஊரே நடுங்கியது. நோயைவிட, வீடு புகுந்து சோதிக்கும் அதிகாரிகளையும் தடுப்பூசியையும் கண்டு ஜனங்கள் பயந்தார்கள். ராமகிருஷ்ண மிஷன் ஒரு நிவாரணக் குழு அமைத்தது. நிவேதிதை செயலாளர், களத்தில் சுவாமி சதானந்தர். துப்புரவுத் தொழிலாளர்களோடு சேர்ந்து, பாக்பஜார் குடிசைப்பகுதிகளில் வருடக்கணக்கில் அள்ளாமல் கிடந்த குப்பையை அள்ளினார்கள். ஒருநாள் ஆள் போதவில்லை. நிவேதிதை தானே துடைப்பத்தை எடுத்துச் சந்தைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். திண்ணையில் நின்று வேடிக்கை பார்த்த இளைஞர்கள் வெட்கப்பட்டு இறங்கி வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 22-ம் தேதி மாணவர்கள் கூட்டத்தில் பேசினார், சுவாமிஜி தலைமை. பதினைந்து பேர் தொண்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். கூட்டத்தில் கைதட்டியவர்கள் எத்தனையோ பேர், வந்தது பதினைந்து. அதுவே பெரிசு என்று அவர்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த நாட்களில் நடந்ததை ஒரு டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். ராதா கோவிந்த கர் என்பது அவர் பெயர். கொல்கத்தாவில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அது அவர் பெயரில்தான் விளங்குகிறது. ஒரு பங்குனி மத்தியானம், நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் தூசி படிந்த நாற்காலியில் ஓர் ஐரோப்பியப் பெண்மணி காத்திருக்கிறார். காலையில் டாக்டர் பாக்பஜார் குடிசை ஒன்றில் பார்த்துவந்த பிளேக் குழந்தையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். நிலைமை மோசம், நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் எச்சரித்தார். சாயங்காலம் அவர் மறுபடி அந்தக் குடிசைக்குப் போனார். ஈரம் கசியும் அந்த இருட்டுக் குடிசையில், தாயில்லாத அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிவேதிதை உட்கார்ந்திருக்கிறார்!

தன் வீட்டை விட்டுவிட்டு ராப்பகலாக அங்கேயே இருந்தார். கிருமி போக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்றார்கள். ஆளைத் தேடவில்லை, சின்ன ஏணி ஒன்றை வைத்துக்கொண்டு தானே சுவர் முழுக்க வெள்ளையடித்தார். பிழைக்காது என்று தெரியும். தெரிந்துதான் அத்தனையும் செய்தார். இரண்டு நாளில் குழந்தை அவர் மடியிலேயே போய்விட்டது. ஜுர வேகத்தில் அவரைத் தன் தாய் என்றே நினைத்து, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனது.

யார் பெற்ற பிள்ளையோ! அவரை முதன்முதலில் அம்மா என்று அழைத்தது அந்தக் குரலாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே நாட்களில் இன்னொரு நோயாளியின் சிகிச்சைக்குப் பணம் குறைந்தபோது, தான் குடிக்கும் பாலை நிறுத்தி மிச்சம் பிடித்துக் கொடுத்தார். அப்போது அவர் சாப்பாடே பாலும் பழமும்தான்.

அந்த மே மாதம் 28-ம் தேதி காளிகாட் கோயில் மண்டபத்தில் காளி வழிபாட்டைப் பற்றிப் பேச நிவேதிதையை அழைத்தார்கள். அம்பாள் சந்நிதியில் நாற்காலி கிடையாது, எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில்தான் உட்கார வேண்டும் என்று சுவாமிஜி முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கபால மாலையும் ரத்தம் சொட்டும் நாக்குமாக நிற்கும் காளியைத் தாய் என்று எப்படிச் சொல்வது என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. நிவேதிதை வெறுங்காலோடு நின்று காளியைத் தாயாகவே பேசினார். இரண்டு மாதமாக அந்தத் தாயின் இன்னொரு முகத்தைக் குடிசை குடிசையாகப் பார்த்தவர் அல்லவா!

பள்ளிக்குப் பணம் திரட்ட மேல்நாடு போனவர், திரும்பிவர 1902 பிப்ரவரி ஆகிவிட்டது. சரஸ்வதி பூஜையோடு பள்ளி மறுபடி துளிர்த்தது. ஜூலை 2-ம் தேதி பேலூர் மடத்துக்குப் போனார். அன்று ஏகாதசி. சுவாமிஜி உபவாசம். ஆனாலும் சிஷ்யைக்குத் தன் கையாலேயே பரிமாறினார். வேகவைத்த பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு, சோறு, குளிர்ந்த பால். சாப்பிட்டு எழுந்ததும் அவர் கையில் தானே தண்ணீர் விட்டு, துண்டால் துடைத்தும் விட்டார். நான்தானே உங்களுக்குச் செய்யவேண்டும் என்று நிவேதிதை பதறினார். ஏசுநாதர் சீடர்களின் காலையே கழுவினாரே என்றார் சுவாமிஜி. அது கடைசி நாளில் அல்லவா என்று சொல்ல வந்த நிவேதிதைக்கு வார்த்தை தொண்டையோடு நின்றுவிட்டது. இரண்டே நாள். ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்தார்.

சுவாமிஜி போன துக்கம் ஆறும் முன்பே இன்னொரு இழப்பு. அரசியலில் ஈடுபடுபவர்கள் மடத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. தேச வேலையை விட நிவேதிதைக்கு மனம் வரவில்லை. அதே ஜூலையில் மடத்திலிருந்து முறைப்படி விலகினார். மடத்தின் மேல் மனக்கசப்பு எதுவும் இல்லை. போக்குவரத்தும் பாசமும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் புகுந்த வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் வந்த மாதிரி ஒரு வலி இருந்திருக்காதா? அந்த வருடக் கடைசியில் சென்னைக்கு வந்து, கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கிச் சொற்பொழிவுகள் செய்தார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் கட்டடம்தான்.

பள்ளி மட்டும் அவர் மூச்சாக இருந்தது. சகோதரி கிறிஸ்டின் என்ற மேல்நாட்டுச் சிஷ்யை துணைக்கு வந்தார். 1903-ல் வீட்டை விட்டு வெளியே வராத பெரிய பெண்களுக்கும் வகுப்பு ஆரம்பித்தது. செலவுக்குப் பணம்? நிவேதிதை ராத்திரி கண்விழித்துப் புத்தகம் எழுதினார். அந்த வருமானம் பள்ளிக்கு. மாதக் கடைசியில் தன் சாப்பாட்டில் கைவைப்பார்.

பள்ளியில் ஒரு பால விதவை படித்தாள். ஏகாதசியன்று அந்தச் சின்னப் பெண்ணும் விதிப்படி பட்டினி கிடக்க வேண்டும். நிவேதிதை அந்த ஆசாரத்தைப் பழிக்கவும் இல்லை, குழந்தையைக் காயவிடவும் மனசு வரவில்லை. ஏகாதசி வந்தால் அவளைக் கூப்பிட்டு, விரதத்துக்கு ஒத்துக்கொள்ளும் பழமும் இனிப்பும் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைப்பார். ஒருநாள் ஞாபகம் இல்லாமல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நினைவு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நீ பட்டினியாக இருக்க, நான் சாப்பிட்டுவிட்டேனே என்று அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டார். பெற்றவள்கூட விதி என்று விட்டுவிடுகிற விஷயம் இது, இல்லையா?

'கோபாலேர் மா' என்று ஒரு பாட்டியம்மா இருந்தார். அவரும் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஸ்ரீராமகிருஷ்ணரைத் தன் பாலகோபாலனாகவே கண்ட பெரிய பக்தை. ஆசாரத்தில் அப்படியொரு நெருப்பு. தள்ளாத வயதில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார் நிவேதிதை. சமையலுக்கு ஒரு பிராமணப் பெண்ணை ஏற்பாடு செய்தார். பாட்டியின் மடிக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டார். ஒரு காலத்தில் அந்நியர் நிழலுக்கே ஒதுங்கியவர், கடைசிக் காலத்தில் அந்த அயர்லாந்துப் பெண்ணின் பணிவிடையில் இருந்தார். 1906 ஜூலையில் பாட்டியைக் கங்கைக்கரைக்கு எடுத்துப்போனபோது, பூமாலைகளால் அலங்கரித்து, வெறுங்காலோடு பின்னால் நடந்து போனார் நிவேதிதை. பெற்ற மகள் இதைவிட என்ன செய்துவிடப் போகிறாள்?

அதே வருடம் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும். படகில் ஊர் ஊராகப் போனார். தண்ணீரில் நின்றபடி படகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட பெண்களைப் பற்றியெல்லாம் எழுதி, நாட்டின் கவனத்தைத் திருப்பினார். கடும் மலேரியாவோடுதான் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அவர் உடம்பு பழைய நிலைக்கு வரவேயில்லை.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போயிருந்த பாரதியார் அவரைச் சந்தித்ததும் இந்தக் காலத்தில்தான். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்க, எங்கள் பக்கம் அப்படி வழக்கமில்லை என்று பாரதியார் சொல்ல, நல்ல பாடம் கிடைத்தது. வீட்டில் பாதிப்பேரை அடைத்து வைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை கேட்பதா என்பது அவர் கேள்வியின் சாரம். பாரதியார் தமது 'ஸ்வதேச கீதங்கள்', 'ஜன்மபூமி' இரண்டையும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். போஸ்பாரா சந்தின் டீச்சருக்குத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் மாணவரானார்!

ரவீந்திரநாத் தாகூருக்கும் நிவேதிதைக்கும் பல விஷயங்களில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனாலும், அவர் மறைந்த பிறகு தாகூர் அவருக்குக் கொடுத்த பெயர் லோகமாதா.

1911 துர்கா பூஜை விடுமுறைக்கு போஸ் தம்பதியோடு டார்ஜிலிங் போனார். அங்கே சீதபேதி கண்டது. இனித் தேறமாட்டோம் என்று தெரிந்ததும் அக்டோபர் 7-ம் தேதி உயில் எழுதினார். கையிருப்பு, புத்தகங்களின் வருமானம் எல்லாவற்றையும் இந்தியப் பெண்களின் கல்விக்கென்று, பேலூர் மடத்தின் அறங்காவலர்கள் பொறுப்பில் விட்டார். எந்த மடத்திலிருந்து விலக வேண்டி வந்ததோ, அதே மடத்திடம்தான் தன் குழந்தைகளை ஒப்படைத்தார் என்பதைக் கவனியுங்கள். அக்டோபர் 13 காலை, சூரியன் எழும் நேரத்தில் உயிர் பிரிந்தது. நாற்பத்து நான்கு வயது நிறைய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. இந்து முறைப்படியே தகனம் நடந்தது.

பள்ளி நிற்கவில்லை. இன்றைக்கு அது சாரதா மடத்துச் சந்நியாசினிகளின் பொறுப்பில், நிவேதிதை பெயரோடு பாக்பஜாரில் நடக்கிறது. 16-ம் எண் வீடு நினைவு இல்லமாகியிருக்கிறது. கொல்கத்தா போகும் வாசகர்கள் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் தரிசனத்தோடு, பாக்பஜாரில் அன்னை சாரதா தேவி வாழ்ந்த வீட்டையும் இந்தச் சந்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிவேதிதை போன பிறகு ஒன்பது வருடம் அன்னை சாரதா தேவி இருந்தார். ஸ்ரீராமகிருஷ்ணரின் திருமுடியை அவர் வைத்துப் பூஜித்த சின்ன உலோகப் பெட்டி நிவேதிதை கொடுத்ததுதான். அவர் கொடுத்த பட்டுச் சால்வை ஒன்றும் அன்னையிடம் இருந்தது. நாளாக ஆக நைந்து கிழிந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமே என்றார்கள் உடன் இருந்தவர்கள். அன்னை கேட்கவில்லை. எவ்வளவு பிரியமாக நிவேதிதை கொடுத்தது இது என்று சொல்லி, பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்குள் கருஞ்சீரகம் தூவி, மறுபடி பெட்டிக்குள்ளேயே எடுத்து வைத்தார்.